ஆறு மணியின் எழுபத்தாறு

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மணலி ஆலைப் பக்கத்துக் காற்று, தொண்டையில் கரிப்பு. ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விட வேண்டும்.

இன்றைய வேலை:
– தண்டையார்பேட்டைக்கு முப்பது வாட்ச் கட்டி அனுப்ப.
– திருப்பி வந்தவை பதினொன்று. பிரித்துப் பார்க்க.
– நித்யாவுக்கு போன். கிண்டி ஆபீஸ் பெண், நம் வாட்ச்சுக்கு சாப்ட்வேர் எழுதுகிறவள். மூன்று தடவை அழைத்துவிட்டாள். எடுக்கவில்லை. ஏன் அழைக்கிறாள் என்று தெரியும்.

பதினோரு மணிக்கு கஸ்தூரி வந்தாள். ஐஸ் வண்டி தேசப்பன் பெண்சாதி. மீன் கூடையை வாசலில் இறக்கி, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தேசப்பனின் வாட்ச்.

"சார்ஜ் ஏறல பாய். ரெண்டு நாளா மூஞ்சி கருப்பாவே கீது."

தேசப்பன் இறந்து மூன்று மாதம். வாட்ச்சுக்கு எதற்கு சார்ஜ் என்று கேட்க வாய் வரவில்லை. வயர் முனையில் துரு. உப்புத் தண்ணீர் வேலை. புது வயர் மாட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து அடியில் பச்சை விளக்கு. மேலே சின்ன இதயப் படம், நாடி எண். 75.

"தோ, வந்துட்டாரு" என்றாள்.

கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

75. 76. 75. கண்ணாடி மேசை மேல் கிடக்கிற வாட்ச். கை இல்லை, தோல் இல்லை, ரத்தம் இல்லை.

வயர் சும்மா எடுத்துக்கொள் என்றேன். கேட்கவில்லை. "அவரு வாட்சுக்கு ஓசி வாங்க மாட்டேன்." ஒரு கை நெத்திலியைப் பேப்பரில் வைத்துவிட்டுப் போனாள்.

நெத்திலி வீட்டில் வறுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

நவம்பர் 12, புதன்

தூறல் விட்டது. வெயில் இல்லை. ஷட்டருக்கு எண்ணெய் ஆயிற்று.

திருப்பி வந்தவை பற்றி ஜனங்கள் சொன்னது, சொன்னபடியே:
– "பைக் ஓட்னா ஆயிரம் ஸ்டெப்பு காட்டுது."
– "போட்ல குந்திகினு கீறேன். நடக்கிறேன்னு சொல்து."
– "கையில அம்மா பேரு பச்சை குத்திகீறேன். அது மேல கட்னா இன்னா இன்னாவோ காட்டுது."
– "ஐஸ்ல கை வெச்சா நாப்பதுக்கு எறங்கிடுது. நான் செத்துட்டனா பாய்?"

கடைசி ஆளுக்குச் சிரித்துச் சமாளித்து வேறு வாட்ச் கொடுத்தேன். அதுவும் அதேதான்.

நித்யா (இனி நி.) போன். எடுத்தேன்.

"சார், ஏசி ரூம்ல டிரெட்மில் மேல ஓடுற கைய வெச்சுத்தான் இதையெல்லாம் செட் பண்ணியிருக்கோம். உங்க ஏரியா கை வேற. ஈரம், ஐஸ், வண்டி தள்ளுறது. அந்தக் கைங்கள்ல எடுத்துக் குடுங்க. விரல் வெச்சு எண்ணின நாடி ஒரு பக்கம், வாட்ச் காட்டுறது ஒரு பக்கம். அப்பதான் என்னால திருத்த முடியும்."

சரி என்றேன்.

"அப்புறம், அந்தக் கோட்ட மறுபடி கொண்டு வர்ற விஷயம் சார்."

அதற்காகத்தான் எடுக்காமல் இருந்தேன். இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல. இரண்டு வருடம் முன்னால், நம் பேர் போட்ட வாட்ச் முதல் தடவை வந்தபோது, நாடி கிடைக்காவிட்டால் இரண்டு கோடு மட்டும் காட்டும். ஜனம் பழுது என்று கொண்டுவந்து வீசியது. நான்தான் சொன்னேன்: "கோடு வேணாம்மா. கடைசியா கெடச்ச எண்ணையே காட்டு." செய்து கொடுத்தாள். எண் அசையாமல் நின்றது, அதுவும் பழுது என்றார்கள். மறுபடி சொன்னேன்: "ஒண்ணு ரெண்டு ஏத்தி எறக்கிக் காட்டு. உசுரோட இருக்கிற மாதிரி இருக்கணும்."

அதே வார்த்தை. உசுரோட இருக்கிற மாதிரி.

இது சரியில்லை சார் என்று அன்றைக்கே மெசேஜ் அனுப்பினாள். போனில் இன்னும் இருக்கிறது. விற்பனை ஏறியது. நானும் ஏறினேன். பாரிமுனை நடைபாதையில் வாட்ச் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவன் கல்மண்டபத்தில் கடை போட்டது சும்மா நடக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஜும்மா முடிந்து நேரே மீன்பிடித் துறைமுகம். ஐஸ் உடைக்கிற இடம். சட்டையெல்லாம் வாடை.

எட்டுப் பேர். நான் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கி, நோட்டில் குறித்தேன். பக்கத்தில் வாட்ச் எண்.

ஐஸ் உடைக்கிற மாரி என் விரலைப் பார்த்து, "டாக்டர் ஆயிட்டியா பாய்? ஊசியும் போடுவியா?"

"வாய மூடு. எண்ணிக்கினு கீறேன்."

"எண்ணு எண்ணு. எனக்கு ரெண்டு இதயம். ஒண்ணு வூட்ல கீது."

"உன் வூட்டுக்காரம்மா கிட்ட போய் மிச்சத்த எண்ணட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாரி: விரலில் 104, வாட்ச்சில் 71.

குறித்தவை:
– ஐஸில் ஊறிய கை: ரத்தம் மேலே வருவதில்லை. வாட்ச் தேடித் தேடித் தோற்றுப் பழைய எண்ணைக் காட்டுகிறது.
– மூன்று சக்கர மீன்பாடி வண்டி தள்ளுகிறவன்: கை கம்பியிலேயே, வீசுவதில்லை. அரை மைல் நடந்தான், பதினாறு ஸ்டெப்.
– பட்டை தொளதொள. வேர்க்கிறது என்று எல்லாரும் தளர்த்தித்தான் கட்டுகிறார்கள்.
– எட்டில் ஐந்து பேர் மணிக்கட்டில் கயிறு. கறுப்பு, சிவப்பு, ஒருவனுக்குப் பச்சை. வாட்ச் கயிற்றின் மேல் உட்காருகிறது. அடியில் சந்து. வெளி வெளிச்சம் உள்ளே போய், நாடி தேடுகிற பச்சை விளக்கைக் குழப்புகிறது.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். ஒருத்தன் சம்மதிக்கவில்லை. "அம்மன் கோயில்ல கட்னது. வேணும்னா வாட்ச்ச அவுத்துக்கோ."

பச்சைக் கயிற்றுக்காரனின் கையில் நானே செய்து பார்த்தேன். கயிற்றை உள்ளங்கைப் பக்கம் தள்ளினேன். வாட்ச்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கினேன். கயிறும் இருந்தது, வாட்ச்சும் இருந்தது. விரலில் 88, வாட்ச்சில் 87.

அவ்வளவுதான். இரண்டு விரல்.

பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டி மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். மாரி டீ சொன்னான். "இன்னா பாய், உனக்கே மயக்கமா? உன் கையில எவ்ளோ காட்டுது?"

நான் வாட்ச் கட்டுவதில்லை. மூன்று மாதமாக.

நவம்பர் 16, ஞாயிறு

கடை லீவு. மழை. வீட்டில் முட்டிக் கால் வலி என்று என் பெண்சாதி ஷமீமா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

தேசப்பனைப் பற்றி எழுதிவிட வேண்டும்.

மீன்பாடி வண்டியில் ஐஸ் ஏற்றிப் போய்ப் போடுகிறவன். இருபது வருடப் பழக்கம். என்னை மாமு என்பான், நான் அவனை நைனா என்பேன். நாலு வருடம் முன் வண்டி கவிழ்ந்து தோள் விலகியது. நான் தர்காவுக்குப் போய்ப் பச்சைக் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து கட்டினேன். தோள் சரியாயிற்று. அதிலிருந்து அவன் அந்தக் கயிற்றை அவிழ்த்ததே இல்லை. நைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. மூன்று நான்கு கயிறு சேர்ந்து தடியாக இருக்கும்.

வாட்ச்சும் நான்தான் கட்டினேன். அவன் பிறந்த நாளுக்கு. கயிறு தடுத்தது. கொஞ்சம் தள்ளட்டுமா என்றேன். "கயித்துல கைய வைக்காத மாமு. அது வேலை செய்யுது. உன் வாட்ச்சு செய்யுதான்னு பாப்போம்." சிரித்துக்கொண்டே கயிற்றின் மேலேயே கட்டிவிட்டேன். எண் வந்தது. எண் வந்தால் போதும் என்பதுதான் அப்போது என் கொள்கை.

தினம் வந்து கிண்டல். "காலையிலேர்ந்து வண்டி தள்ளிகினு கீறேன், நூத்தி இருவது ஸ்டெப்பு. சாய்ங்காலம் குந்திகினு சீட்டு போட்டேன், மூவாயிரம். சீட்டு ஆடுனா ஒடம்பு எளைக்குமா மாமு?"

அந்த நாள். ஆகஸ்ட். காலை பத்து மணி இருக்கும். வண்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். வேர்வை. ஐஸ் ஏற்றியவனுக்கு அவ்வளவு வேர்வை ஏன் என்று ஒரு நொடி தோன்றியது. நெஞ்சைத் தேய்த்தான்.

"இங்க ஒரு மாதிரி அடைக்குது மாமு. ஆஸ்பத்திரி போவட்டா?"

கையைப் பிடித்தேன். நாடியை அல்ல. வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தேன்.

"எழுபத்தாறு. கல்லு மாதிரி கீறே. வாயுடா நைனா. லெமன் சோடா குடி."

நானே வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் விட்டான். "வாட்ச்சு சொன்னா சரிதான்" என்றான். கிண்டலா நிஜமா, இன்று வரை தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பன்னிரண்டு மணிக்குள் வார்ப்பில், படகு நிற்கிற மேடையில், விழுந்துவிட்டான் என்று ஆள் வந்தது.

அவன் போனைத்தான் கஸ்தூரி வைத்திருக்கிறாள். வாட்ச் பதிவெல்லாம் அது வழியாக நி.யின் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த நாள் காலையை மட்டும் பார்த்துச் சொல் என்று நி.யிடம் நான்தான் கேட்டேன். இன்று சொன்னாள்.

"சார், காலைல ஆறு மணி வரைக்கும்தான் தோல்ல பட்டு எடுத்திருக்கு. தூங்கும்போது கயிறு விலகியிருக்கும்போல. அதுக்கப்புறம் ஒண்ணுமே கிடைக்கல. பத்து மணிக்குக் காட்டினது ஆறு மணி எண்."

நோட்டில் ஆறு, பத்து என்று குறித்தேன்.

"சார், சரியான எண்ணே காட்டியிருந்தாலும் நெஞ்சு வலிக்கு அது பதில் இல்ல. எழுபத்தாறு இருந்தாலும் அட்டாக் வரும். வலின்னா ஆஸ்பத்திரிதான்."

நல்ல பெண். ஆறுதலுக்குச் சொன்னாள். ஆனால் அவன் ஆஸ்பத்திரி போகட்டுமா என்றுதானே கேட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு எண் இருந்தது. கோடு இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

ஷமீமா: "போன வெச்சிட்டு அரை மணி நேரமா சுவத்த பாத்துகினு கீறீங்க. யாரு போன்ல?"

"தேசப்பன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 18, செவ்வாய்

கன மழை. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டு. கரண்ட் போயிற்று. தெருவில் முழங்கால் தண்ணீர், கடையில் ஆள் இல்லை.

ஷோகேஸில் நாற்பது வாட்ச். எல்லாம் ஒரு தடவை யார் கையிலாவது கட்டிப் பார்த்து, சார்ஜ் போட்டு, அட்டை உருளையில் மாட்டி வைத்தது. இருட்டில் அடியில் பச்சை விளக்கு. மேலே எண்கள். 72, 80, 68, 77. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. நாற்பது அட்டை உருளைக்கும் இதயம் ஓடுகிறது.

நாற்பது பேர் உள்ளே நின்றுகொண்டு என்னைப் பார்க்கிற மாதிரி. அதில் ஒன்று 76 வந்தது. அதையே பார்த்தேன். 75. 76. மாமு என்று கூப்பிடுவதற்கு முன் ஒரு இருமல் இருமுவான். அது கேட்டது. வாசலில் நாய். சரி, நாய்தான்.

மேசைத் துணியை எடுத்து ஷோகேஸ் மேல் போர்த்தினேன். துணி வழியாகவும் பச்சை.

பெட்ரோமாக்ஸ் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. வாங்க வேண்டும்.

நவம்பர் 19, புதன்

மழை விட்டது. வெயில்கூட.

கோட்டைத் திரும்பப் போடு என்று திங்கட்கிழமையே சொல்லியிருந்தேன். நி. புது சாப்ட்வேர் அனுப்பினாள். இரண்டு வாட்ச்சில் ஏற்றிப் பார்த்தேன்.
– சுருட்டின துண்டில்: இரண்டு கோடு. சரி.
– சோப்பில்: கோடு.
– என் கையில்: எட்டு நொடியில் எண். விரல் எண்ணோடு ஒன்று வித்தியாசம்.
– மாரி, ஐஸ் கை: கோடு. துடைத்துத் தேய்த்த பிறகு 98. விரலில் 100.
– வண்டி தள்ளுகிறவனுக்கு ஸ்டெப் இன்னும் குறைவுதான். ஆனால் பதினாறு இல்லை.
– புதுப் பட்டை, கொஞ்சம் இழுபடுகிற ரகம். வேர்த்தாலும் நிற்கிறது.

டப்பாவுக்குள் வைக்க ஒரு சீட்டு அச்சடிக்கச் சொன்னேன். கயிறு, வளையல் மேல் கட்டக் கூடாது. எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே. நெஞ்சு வலி என்றால் வாட்ச்சைப் பார்க்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. கடைசி வரியை நானே எழுதினேன். அச்சுக்காரன், "வாட்ச் டப்பால வாட்ச்ச பாக்காதேன்னா எழுதுவாங்க?" என்றான். எழுது என்றேன்.

தண்டையார்பேட்டைக் கடைக்காரர் போனில்: "கோடு காட்ற வாட்ச்ச எவன் பாய் வாங்குவான்? நல்லா போய்கினு இருந்த சரக்கு. இன்னா ஆச்சு உனக்கு?"

"வாங்கலன்னா வைக்காத" என்றேன். இந்தத் தொழிலில் அப்படி நான் பேசினதில்லை.

நி.: "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வித்த எல்லா வாட்ச்சுக்கும் போன் வழியா போயிடும் சார். சரி சொல்லுங்க."

எல்லா வாட்ச்சுக்கும். கஸ்தூரி வீட்டில் இருப்பதற்கும்.

அதை மட்டும் விட முடியுமா என்று கேட்டேன். "முடியும் சார். நம்பர் சொன்னீங்கன்னா தனியா நிறுத்தி வைக்கலாம்." பிறகு, "நிறுத்தணுமா சார்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

கஸ்தூரி வீடு. துறைமுகத்துக்குப் பின்னால் சந்து. வாசல் வரை சேறு. பிஸ்கட் வாங்கிப் போனேன்.

தேசப்பனின் நீலச் சட்டை ஆணியில். கைப்பகுதியைச் சுற்றி வாட்ச் கட்டியிருக்கிறது. உள்ளே துணி அடைத்து மணிக்கட்டு மாதிரி. கயிறும் இருக்கிறது. அவன் கையிலிருந்து அவிழ்த்துத்தான் வைத்திருக்க வேண்டும், அந்த நாளில். வாட்ச் கயிற்றின் மேலேயே. நான் கட்டின மாதிரியே.

"காத்தால எழுவத்திநாலு இருந்துச்சு பாய். நல்லா தூங்கினாரு போல. மழை அன்னிக்கு எழுவத்தேழு. அவருக்கு மழைன்னா பேஜாரு, வண்டி ஓடாது."

டீ கொடுத்தாள். சர்க்கரை அதிகம். எண் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் சட்டையின் தோளில் தூசி தட்டினாள், ஆள் நிற்கிற மாதிரி.

"கூடைய எறக்கி வெச்சிட்டு வந்ததும் முதல்ல இத்ததான் பாப்பேன். இருந்தா சோறு எறங்குது."

சொல்லவில்லை. சந்து முனை வரை வந்து திரும்பிப் போக நினைத்தேன். போகவில்லை.

நி.யிடம் அந்த ஒரு வாட்ச்சை விட்டுவிடு என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அவளுக்கும் சோறு இறங்கும். ஆனால் அது தேசப்பன் அல்ல. அந்த ஏற்றம் இறக்கம் நான் ஆர்டர் கொடுத்தது. அவளும் தினம் என்னைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள், அவன் நம்பின மாதிரி.

நவம்பர் 22, சனி

காலை மூட்டம். மத்தியானம் கடையை இரண்டு மணிக்கு அடைத்தேன். ஷட்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நி.க்கு மெசேஜ்: சரி, எல்லாவற்றுக்கும் அனுப்பு. எதையும் விடாதே.

ஆறு மணிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நாலரைக்கே போனேன். கஸ்தூரி கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். நின்றுகொண்டே. கயிற்றின் மேல் கட்டியது. கோடு வேண்டாம் என்றது. ஒன்று இரண்டு ஏற்றி இறக்கு என்றது. பத்து மணிக்கு அவன் வந்தது, ஆஸ்பத்திரி போகட்டுமா என்று கேட்டது, சோடா. எதையும் விடவில்லை. ஆணியைக் காட்டி, இது அவரு இல்லம்மா, நான் பண்ண வேலை என்றேன்.

கூடையைக் கழுவி முடித்தாள். கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன்னாண்ட வந்தாரா அன்னிக்கு?"

"வந்தான்."

"என்னாண்ட ஒண்ணும் சொல்லல. நேரா வண்டிக்குப் போயிட்டாருன்னுதான் நெனச்சேன்." ஈரக் கையை முந்தானையில் துடைத்து, "உன்னாண்ட சொல்லிகீறாரு."

ஆறு மணி வரை இருவரும் சட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். 74. 75. பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம். தேசப்பனின் போனில் ஏதோ மணி அடித்தது. வாட்ச் ஒரு தடவை அணைந்து எழுந்தது. பச்சை விளக்கு மினுங்கியது, தேடியது. பிறகு இரண்டு கோடு.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அன்னிக்கே இத்த காட்டியிருந்தா போயிருப்பாருல்ல?"



வாட்ச்சைச் சட்டையிலிருந்து கழற்றினாள். கயிறு சட்டையிலேயே தொங்கியது. வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுத் தன் கையில் கட்டப் போனாள். இரண்டு விரல் மேலே என்றேன். தன் விரலை வைத்து அளந்தாள். இறுக்கினாள். எட்டு நொடி. 96.

"இது என்னுதா?"

"ஆமா."

"நெசமாவா?"

நான் தொட்டுப் பார்க்கிறது முறையில்லை. எங்கே விரல் வைக்க வேண்டும் என்று என் கையில் காட்டினேன். அவள் தன் இன்னொரு மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். அரை நிமிடம் நான் போனில் நேரம் பார்த்தேன். உதடு அசைய எண்ணினாள்.

"நாப்பத்தெட்டு."

இரண்டால் பெருக்கினேன். அவளுக்கே தெரிந்தது. தலையை ஆட்டினாள், கோபமா என்னவோ.

அவிழ்த்து என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

"எடுத்துகினு போ பாய். வேற யாருக்காச்சும் கட்டு. கயித்த தள்ளிட்டுக் கட்டு."